டிக்கெட் வாசல் வழியாக

சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவள் என்று சொன்னால் திருப்பூரில் எல்லோரும் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். சிங்கத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பெரியப்பாவின் பொறுப்பு. கூண்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் சோறு இறங்காது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் கேட்டவர்களின் முகம் சுண்டிப்போகும். அதனால் சிங்கம் என் கையால்தான் சாப்பிடும் என்று பொய் சொல்லியே பல வருடங்களை ஓட்டினேன். என் தங்கையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தாத்தா கம்பெனியைத் தொடங்கியபோது இரண்டு மட்டக்குதிரைகளும் ஒரு மூங்கில் வேலியும்தான் இருந்தன. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் ஆட்டம் இல்லை, சோறும் இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சந்தைகளில் சுற்றிய அந்தக் கூட்டம், அப்பா காலத்தில் மூன்று கம்பக் கூடாரமாகவும் யானையாகவும் பேண்டு செட்டாகவும் வளர்ந்தது. தெற்கே எந்த ஊரில் போய் எங்கள் கம்பெனியின் பேரைச் சொன்னாலும் குழந்தைகள் துள்ளும். வெளியே இருப்பவர்களுக்கு அது சர்க்கஸ். எங்களுக்கு அது கொஞ்சம் பெரிய கூட்டுக்குடும்பம். பெரியப்பாவுக்கு மிருகங்கள், அப்பாவுக்கு ஊஞ்சல் பார், அத்தைக்கு அடுப்பும் துணிமணியும். சண்டை மட்டும் எல்லோருக்கும் பொது.

அந்தக் குடும்பத்தில் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது. கம்பெனியை விட்டுப் போனவர் யாராக இருந்தாலும், திரும்பப் பார்க்க வந்தால் டிக்கெட் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். திரைக்குப் பின்னால் வரக்கூடாது. விரோதம் ஒன்றும் இல்லை. முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள், கலர் சோடா வாங்கிக் கொடுப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள். தாத்தா காலத்தில் கம்பெனியை விட்டுப்போன ஒருவர் விருந்தாளியாக வந்து, பழைய ஆசையில் பாரில் ஏறி, விழுந்து செத்துப் போனாராம். அன்றிலிருந்து இந்த விதி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சோப்புக் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட சித்தப்பா ஒருமுறை வந்தார். முதல் வரிசையில் கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க அழுதார். திரை இடுக்கில் நின்று பார்த்து நாங்கள் குழந்தைகள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவள் நான்.

ஊஞ்சல் பாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. உயரத்தில் இரண்டு ஊஞ்சல்கள். ஒன்றில் எங்கள் அண்ணன் தலைகீழாகத் தொங்குவார். அவர்தான் பிடிப்பவர். இன்னொன்றில் பறக்கிற பெண். அவள் எந்த நொடியில் கையை விட வேண்டும் என்பதை அவளே முடிவு செய்ய முடியாது. சுழன்று பறக்கப் போகிறவளுக்கு எதிரே வரும் கை தெரியாது. அவளுக்குப் பின்னால் பலகையில் நிற்பவர் இரண்டு ஊஞ்சல்களையும் பார்த்து, சரியான நொடியில் "ஹப்" என்று குரல் கொடுப்பார். குரல் கேட்டதும் விட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் போச்சு.

தங்கைக்குக் குரல் கொடுத்தவள் நான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். நடக்க, தலைவாரிக்கொள்ள, பறக்க எல்லாமே அவள் என்னிடம் பழகியதுதான். வேறு யார் குரல் கொடுத்தாலும் பாரை விடவே மாட்டாள், பல்லியைப் போல ஒட்டிக்கொள்வாள். அப்பா திட்டுவார். எனக்கோ உள்ளுக்குள் அவ்வளவு பெருமை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் கூடாரம் போட்டோம். நாங்கள் போட்டுக்கொண்ட இறுக்க உடைகள் சாதாரணத் துணியில் தைத்தவை. முட்டியில் கிழியும், இடுப்பில் பிரியும். இந்த ஊரில் பனியன் துணி இருக்கிறது, இழுத்தால் நீளும் என்று யாரோ சொல்ல, ஒரு பனியன் கம்பெனியிலிருந்து டெய்லர் ஒருவரை அப்பா வரவழைத்தார். பெண்களுக்கு அத்தை அளவெடுத்தாள், டெய்லர் திரும்பி நின்று நோட்டில் எழுதினார். என் இடுப்பளவைக் கூடாரமே கேட்கும்படி அத்தை கத்த, காதைப் பொத்தாத குறையாக அவர் எழுதிக்கொண்டார். தைத்துக்கொண்டு வந்தபோது எல்லோருக்கும் சரியாக இருந்தது, எனக்கு மட்டும் தொளதொளவென்று. நாகரிகம் கருதி இரண்டு அங்குலம் கூட்டி வைத்தாராம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்தே அந்த மனிதரைக் கல்யாணம் கட்டிக்கொண்டேன்.

அப்பா சத்தம் போடவில்லை. "தரையில இருந்துக்குவியா?" என்று மட்டும் கேட்டார். இருந்துக்குவேன் என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. தரையில் இருப்பது ஒரு வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

தங்கைக்குப் பன்னிரண்டு. கூடாரம் பிரிக்கிற அன்று காலையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு யாரு கூப்பிடுவா?" என்றாள்.

"அண்ணி கூப்பிடுவா."

"அண்ணி குரல் கொசு கத்துற மாதிரி இருக்கு."

"பழகிக்கோடி" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

திருப்பூர் மண்ணரையில் லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டு வீடுகள், எங்களுடையது ஆறாவது. கணவர், அவருடைய அம்மா, நான். இரண்டு பேரும் நல்லவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல முடியாததே எனக்குப் பெரிய குறையாக இருந்தது. கணவர் காலையில் போனால் இரண்டு ஷிஃப்ட் தைத்துவிட்டு வருவார், சாப்பிட்டதும் கண் சொருகிவிடும். எழுபது பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்ட இடத்திலிருந்து வந்தவளுக்கு, மூன்று தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தோள் இரண்டும் இறுகிப்போய் வலிக்கும். ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லை என்று நினைத்து உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மாமியார் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

"ஏனம்மணி, ஊட்டு உத்தரத்துல தொங்கறே? அக்கம்பக்கத்துல பாத்தா நாங்க கொடுமை பண்றோம்னுல்ல நெனைப்பாங்க" என்றார். கோபம் இல்லை, நிஜமான கவலை.

அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. கல்யாணமாகி நாற்பது நாள் ஆனபோது, ஒரு காலையில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டி, பாயைச் சுருட்டி, துணிக்கொடியை அவிழ்த்து, எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் அடுக்கிவிட்டேன். நாற்பது நாளுக்கு மேல் நாங்கள் எந்த ஊரிலும் இருந்ததில்லை. கை தானாகச் செய்த வேலை அது. அடுக்கி முடித்து நிமிர்ந்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "எங்களைப் புடிக்கலீன்னா சொல்லிப்போட்டுப் போலாமில்ல கண்ணு, நாங்க என்ன கட்டியா வெச்சிருக்கறோம்?" என்றார். நான் மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தேன். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. இந்த ஊரில் அது யாருக்கும் புரியாது. அன்றைக்குத்தான் நான் தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு முழுதாகத் தெரிந்தது.

பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன். பின்னி வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்கும் வேலை. பக்கத்துப் பெண்கள் நல்லவர்கள்தான், சிங்கக் கதை கேட்பார்கள், நான் அளப்பேன். தங்கைக்குத் தபால் கார்டு போடுவேன். கார்டு ஓர் ஊருக்குப் போவதற்குள் கம்பெனி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். சில கார்டுகள் முத்திரை மேல் முத்திரை வாங்கி என்னிடமே திரும்பி வந்தன. பதில் ஒன்றும் வரவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்தான்.

மூன்று வருடம் கழித்து கம்பெனி திருப்பூருக்கு வந்தது. ரிக்‌ஷாவில் தம்பட்டம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசினார்கள். அதில் பழையபடி 'பறக்கும் சகோதரிகள்' என்றே போட்டிருந்தது. ஒரு சகோதரி இங்கே ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தங்கை என்னோடு பேச வேண்டும். திட்டினாலும் சரி.

வாசலில் நின்ற கேட்காரர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். முன்பெல்லாம் அவர் வாயில் 'வாடி, போடி' இல்லாமல் என் பேர் வந்ததில்லை. அப்பா வெளியே வந்தார். ஆபீஸ் கூடாரத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மாமியார் நலம் விசாரித்தார். நான் தங்கையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஆட்டம் முடிஞ்சு பாக்கலாம்மா. இப்பப் பாத்தா அவ மனசு கலைஞ்சிடும். ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு மூணு பேரும் வாங்க" என்று பாஸ் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்தோம். கலர் வந்தது. சித்தப்பாவின் ஞாபகமும் வந்தது. திரை இடுக்கில் சில குழந்தைக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அழவில்லை. அந்த வீம்பாவது இருந்தது.

தங்கை வளையத்துக்குள் வந்து கும்பிட்டாள். நன்றாக வளர்ந்திருந்தாள், எனக்குப் பக்கத்தில் நின்றால் என் காதுக்கு வருவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. ஏணியில் ஏறினாள். எதிர் ஊஞ்சலில் அண்ணன், பலகையில் அவளுக்குப் பின்னால் அண்ணி. நான் நின்ற இடத்தில் அண்ணி நின்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு தடவை பறந்தாள். இரண்டு தடவையும் அண்ணியின் குரல் வந்தது, அண்ணன் பிடித்தார். கொசுக் குரல் ஒன்றும் இல்லை, நல்ல குரல்தான். என் உதடும் கூடவே அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது, இரண்டு சுழற்சி போட்டுப் பறப்பது. நானும் அவளும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகியது. ஊஞ்சல் பின்னால் போனது, முன்னால் வந்தது. இதோ, இதோ என்று என் உடம்பு எழுந்தது. அண்ணி வாயைத் திறக்கவில்லை. அண்ணி அந்த நொடியைத் தவறவிடப் போகிறாள் என்று தோன்றியது.

"ஹப்!"

என் குரல்தான். கூடாரம் முழுக்கக் கேட்டது. தங்கை கையை விட்டாள்.

அண்ணனின் கை அங்கே இன்னும் வந்து சேரவில்லை. அவள் விரல் அவர் மணிக்கட்டில் பட்டு வழுக்கியதைப் பார்த்தேன். வலையின் ஓரத்தில் கை கீழே மடங்க விழுந்து, எகிறித் தரையில் உருண்டாள். பேண்டு உடனே பபூன் பாட்டுக்கு மாறியது. யாராவது விழுந்தால் அப்படித்தான் செய்வோம். பபூன்கள் குதித்துக்கொண்டு ஓடிவந்து அவளைச் சுற்றி நின்று மறைத்தார்கள். அதுவும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். என் பக்கத்தில் மாமியாரும் தட்டினார்.

நான் திரையை நோக்கி ஓடினேன். திரையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள், "அங்கயே இருங்கம்மா" என்றான். நின்றுவிட்டேன். அவன் என்னைத் தொடக்கூட இல்லை. அது வெறும் காடாத் துணி, கையால் விலக்கினால் அந்தப் பக்கம் என் தங்கை. விலக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. தாத்தா பாரைப் பிடிக்கும் கைகளை நினைத்துத்தான் அந்த விதியைப் போட்டார். குரலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். "கைதான். கட்டுப் போட்டா சரியாயிடும். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் அழுதபோது கணவர், "நீ மட்டுமா கத்துனே? கூடாரமே கத்துச்சு. அதுக்கேன் இப்படி அழுவறே?" என்று தேற்றினார். பயத்தில் கத்தினேன் என்று அவர் நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

மறுநாள் போனேன். தங்கையை அத்தையோடு பாலக்காட்டு எலும்பு வைத்தியரிடம் ரயிலில் அனுப்பிவிட்டதாகக் கேட்காரர் சொன்னார். கூடாரம் பிரிப்பதற்குள் அவள் திரும்பி வரவில்லை.

மனிதர்களுக்கு ஏதாவது ஒரு நியாயம் வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் சாப்பிட்டுத் தூங்க முடியாது. நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அண்ணிதான் தாமதித்தாள். நான் கொடுத்த குரல் சரி. நான் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாக விழுந்திருப்பாள். அண்ணனின் கை ஏன் வந்து சேரவில்லை என்பதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன், அன்று அண்ணன் ஊஞ்சலைச் சரியாக வீசவில்லை என்று. இப்படி ஒவ்வொருவர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்துவிட்டு நான் செக்கிங் மேஜையில் நின்றேன். அதற்குப் பிறகு கம்பெனி இரண்டு தடவை திருப்பூருக்கு வந்தது. பாஸ் வந்தது, நான் போகவில்லை. அந்த நாட்களில் கேட்டு வாங்கி டபுள் ஷிஃப்ட் பார்த்தேன். தங்கை மறுபடி பறக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கார்டு போடுவதையும் நிறுத்தினேன். என்னவென்று எழுதுவது?

எழுபதுகளின் நடுவில் அப்பா காலமானார். சேதி எனக்கு வந்தபோது காரியம் முடிந்திருந்தது. அண்ணனால் தனியாக நடத்த முடியவில்லை, கூடாரத்தையும் மிருகங்களையும் வேறொரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். குடும்பம் ஆளுக்கொரு ஊராகப் போனது. எங்கள் பேரில் இப்போது ஒன்றும் இல்லை. டிக்கெட் வாசலும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு மத்தியானம் தங்கை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கம்பெனியில் சைக்கிள் விட்டவரைக் கட்டிக்கொண்டு சேலத்தில் இருக்கிறாளாம். கோயம்புத்தூரில் ஒரு வேலையாக வந்தவள், திரும்பும்போது இங்கே இறங்கியிருக்கிறாள். அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. என்னைவிட உயரமாக இருந்தாள். இடது கை முழங்கையில் முழுதாக நீளவில்லை, டம்ளரை வாங்கியபோது தெரிந்தது.

சாப்பிட வைத்தேன். அண்ணன் எங்கே, அத்தைக்குக் கண் எப்படி, யானை யாரிடம் போனது, எல்லாம் பேசினோம். அன்றைய ஆட்டத்தைத் தவிர எல்லாம். அவள் கிளம்புவதற்குத் தலைவாரிக்கொண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் வைத்திருந்த நியாயத்தை எடுத்து நீட்டினேன்.

"அன்னைக்கு அண்ணி லேட் பண்ணிட்டா. அதான் நான் கூப்பிட்டேன்."

சீப்பைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. அண்ணி கரெக்டா இருந்தா. நீதான் முந்திட்டே."

"எனக்கா தெரியாது உன் ஆட்டம்?"

"தெரியும். பன்னெண்டு வயசுல நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும். அந்தச் சின்னப் பொண்ணுக்கு நீ கூப்பிட்டது சரிதான். நான் அதுக்குள்ள ஒரு சாண் வளர்ந்துட்டேன்க்கா. வீச்சு நீளமாயிடுச்சு, மேல வந்து சேர நேரம் எடுக்கும். அது அண்ணிக்குத் தெரியும்."

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. தொழில் பேசுகிற மாதிரிதான் பேசினாள். மூன்று வருடம் நான் நினைத்துக்கொண்டே இருந்த பெண் அங்கே இல்லை. இல்லாத குழந்தையைக் கூப்பிட்டு, இருந்தவளை விழ வைத்திருக்கிறேன்.

"அப்படின்னா தப்பா வர்ற குரலுக்கு நீ ஏன்டி கையை விட்டே? உனக்குத் தெரியலியா, முந்தி வருதுன்னு?"

"தெரிஞ்சுது" என்றாள். "நல்லாவே தெரிஞ்சுது. ஆனா கூப்பிட்டது நீயாச்சேக்கா."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷன் வரை கூடப் போனேன். பையை நான் வாங்கிக்கொண்டேன், அவள் மறுக்கவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே ரயில் நகர்ந்தது, அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். நான் கூப்பிடவில்லை.